முகத்தின் மேல் லோகோ வேண்டாம். மூலையில் இருக்கும் பெயரையும் வெட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சித்திரைத் திருவிழா, ஜல்லிக்கட்டு, ஆடிப்பெருக்கு என்று விசேஷ நாட்கள் வந்தால் நாளிதழ்களின் வாசகர் பக்கங்களிலும் இணையப் பதிப்புகளிலும் உள்ளூர்ப் படக்காரர்களின் படங்கள் நிறைய வெளியாகின்றன. அவற்றில் பல, ஓரத்தில் இருந்த ஸ்டுடியோ பெயர் வெட்டப்பட்ட நிலையிலேயே வருகின்றன. அந்தக் கோபத்தில் படக்காரர்கள் சிலர், வைகையில் இறங்கும் அழகரின் முகத்துக்கு நேராகவே லோகோவைப் பெரிதாகப் போடத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாலும் கெட்டுப்போவது படம்தான். ஸ்டுடியோக்களில் படத்தொகுப்பு செய்பவர்களுக்கும், படத்தை வாங்கி வெளியிடும் இதழ்களுக்கும் பயன்படும் என்று சில நடைமுறைக் குறிப்புகளை எழுதுகிறேன்.

படத்தின் மேல் பதிக்கும் பெயர் அல்லது லோகோதான் வாட்டர்மார்க். அதன் வேலை, படம் யார் எடுத்தது என்று சொல்வது. திருட்டைத் தடுக்கும் வேலையை அதனிடம் ஒப்படைப்பதால்தான் அது வருடத்துக்கு வருடம் பெரிதாகிக்கொண்டே போகிறது. 2017இல் கூகுள் ஆய்வாளர்கள், கணினி மூலம் படங்களை ஆராயும் துறையின் சிவிபிஆர் மாநாட்டில் வெளியிட்ட ஆய்வு இதை வெளிப்படையாகக் காட்டிவிட்டது. ஒரே வாட்டர்மார்க் நூற்றுக்கணக்கான படங்களில் ஒரே மாதிரி விழுந்திருந்தால், அந்தப் படங்களையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்க்கும் மென்பொருள் எல்லாவற்றுக்கும் பொதுவான பகுதி எது என்று கணக்கிட்டு, அதை மட்டும் உரித்து எடுத்துவிடும். இடத்தை மாற்றி மாற்றிப் போட்டாலும், அடர்த்தியை (ஒபாசிட்டி) கொஞ்சம் கூட்டிக் குறைத்தாலும் பலனில்லை. ஒவ்வொரு படத்திலும் வாட்டர்மார்க்கின் வடிவத்தையே லேசாக வளைத்து நெளித்தால்தான் நீக்கிய இடத்தில் தடம் மிஞ்சுகிறது என்று அவர்கள் கண்டார்கள். அதற்குப் பிறகு வந்த ஏஐ அழிப்பான்களுக்கு ஒரே ஒரு படம் இருந்தாலே போதும். ஆகவே படத்தின் பாதியை மறைத்தாலும் எடுக்க நினைப்பவர் எடுத்துவிடுவார். ரசிக்க வந்தவருக்குத்தான் நஷ்டம். சிறிதாக, தெளிவாக, எல்லாப் படங்களிலும் ஒரே அளவில் விழும் பெயர் போதும்.

அந்த 'ஒரே அளவு' என்பதில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. முதலில் லோகோ கோப்பு. ஒவ்வொரு முறையும் மென்பொருளின் எழுத்துக் கருவியில் தமிழைத் தட்டச்சு செய்யாதீர்கள். பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் எழுத்து இயந்திரம் (டெக்ஸ்ட் என்ஜின்) மேற்கத்திய மொழிகளுக்கென அமைந்திருந்தால் யூனிகோட் தமிழ் உடைந்துவிடும். 'கோவில்' என்று அடித்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அமைப்புகளில் எழுத்துப் பிரிவுக்குப் போய், தெற்காசிய மொழிகளுக்கான இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு மென்பொருளை மூடித் திறந்தால் சரியாகும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் வேலை செய்பவர்களுக்குச் சிக்கல் வேறு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் தெரியும். ஆகவே இன்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவில் பெயரை ஒருமுறை அடித்து, எழுத்தைப் பாதையாக (எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக) மாற்றி, பின்னணி இல்லாத பிஎன்ஜி கோப்பாக 2,000 பிக்சல் அகலத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். அதுதான் மூலம். தேவைப்படும் அளவுக்கு அதிலிருந்து சுருக்கலாம். சிறியதைப் பெரிதாக்கினால் விளிம்பு மங்கும்.

நிறம் வெள்ளையாக இருக்கட்டும். அதைச் சுற்றி மெல்லிய கருநிழல் வேண்டும். வெறும் வெள்ளை, வேட்டி சட்டைக் கூட்டத்தில் காணாமல் போகும்; வெறும் கறுப்பு, இரவுத் தேரோட்டப் படத்தில் மறையும். சிவப்பைத் தவிர்ப்பது நல்லது. படக் கோப்பைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் முறை, வெளிச்சத்தைக் காட்டிலும் நிறத் தகவலைத்தான் அதிகம் சுருக்குகிறது. அதனால் மெல்லிய சிவப்புக் கோடுகள் முதலில் கலங்கும். ழ, ணை, ஞ போன்ற எழுத்துகளில் வளைவுகள் அதிகம் என்பதால் தடித்த எழுத்தையே எடுங்கள். நீண்ட பக்கம் 2,048 பிக்சல் உள்ள படத்தில் எழுத்தின் உயரம் 24 பிக்சலுக்குக் கீழே போனால், வாட்ஸ்அப் ஒருமுறை சுருக்கியதும் பெயர் படிக்க முடியாத கறையாகிவிடும்.

அளவுக்கு ஒரு கணக்கு: 2,048 பிக்சல் படத்தில் லோகோவின் அகலம் 250 முதல் 300 வரை, விளிம்பிலிருந்து இடைவெளி 50 பிக்சல், அடர்த்தி 50 சதவீதத்துக்குப் பக்கம். 40க்குக் கீழே போனால் கைபேசித் திரையில் தெரியாது. 70ஐத் தாண்டினால் கண் முதலில் லோகோவுக்குத்தான் போகும்.

இனி மொத்தமாகப் போடும் முறை. ஃபோட்டோஷாப்பில் ஆக்‌ஷன் பதிவு செய்து, அதாவது செய்யும் வேலைகளை ஒருமுறை வரிசையாகப் பதிந்துவைத்து, எல்லாப் படங்களுக்கும் அதையே ஓட்டுவதே நம் ஸ்டுடியோக்களில் வழக்கம். பலர் ஒரு படத்தைத் திறந்து, லோகோவை மவுஸால் இழுத்து மூலையில் வைத்து, அதை அப்படியே பதிவு செய்துவிடுகிறார்கள். படுக்கை வாட்டில் பதிவான அந்த நகர்வை நெடுக்கு வாட்டுப் படத்தில் ஓட்டினால் லோகோ படத்துக்கு வெளியே போய்விடும், அல்லது நட்ட நடுவில் நிற்கும். பதிவை இப்படி அமையுங்கள். முதலில் நிறவெளியை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். அடுத்து அளவு, இமேஜ் சைஸில் அகலத்தை மட்டும் கொடுக்காமல், ஆட்டோமேட் பட்டியலில் உள்ள ஃபிட் இமேஜில் அகலம், உயரம் இரண்டுக்கும் 2,048 என்று கொடுங்கள். படம் எந்த வாட்டில் இருந்தாலும் அதன் நீண்ட பக்கம் அந்த அளவுக்கு வந்துவிடும். மூன்றாவதாக, இமேஜ் சைஸுக்குப் போய், பிக்சல் எண்ணிக்கையை மாற்றும் ரீசாம்பிள் குறியை எடுத்துவிட்டு, ரெசல்யூஷனை (அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற எண்) 300 என்று வையுங்கள். இந்தப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு கேமரா 72 என்றும், இன்னொன்று 300 என்றும் எழுதிவைத்திருக்கும். லோகோவைப் படத்துக்குள் கொண்டுவரும் பிளேஸ் கட்டளை அந்த எண்ணைப் பார்த்துத்தான் லோகோவின் அளவைத் தீர்மானிக்கிறது. இரண்டு மூன்று கேமராக்களில் எடுத்த ஒரே நிகழ்ச்சியின் படங்களில் லோகோ சிலவற்றில் சுண்டு விரலாகவும் சிலவற்றில் உள்ளங்கையாகவும் விழுவதற்குக் காரணம் இதுதான்.

இதற்குப் பிறகு பிளேஸ் எம்பெடெட் மூலம் பிஎன்ஜியைக் கொண்டுவாருங்கள். இங்கே 2,000 பிக்சல் மூலத்தைப் பயன்படுத்தாதீர்கள். படத்தின் அகலத்தைவிட லோகோ பெரிதாக இருந்தால் ஃபோட்டோஷாப் அதைத் தானாகவே படத்துக்குள் அடங்கும்படி சுருக்கும். நெடுக்கு வாட்டில் ஒரு அளவுக்கும் படுக்கை வாட்டில் வேறு அளவுக்கும் சுருக்கும். 300 பிக்சல் அகலத்தில், ரெசல்யூஷனும் 300 என்று வைத்த தனிப் பிரதி ஒன்றைத் தயார் செய்து, அதை நூறு சதவீதத்திலேயே வையுங்கள். பிறகு கன்ட்ரோல் ஏ அழுத்தி முழுப் படத்தையும் தேர்ந்தெடுத்து, லேயர் பட்டியலில் தேர்வோடு சீரமைக்கும் கட்டளையில் கீழ் விளிம்பு, வலது விளிம்பு இரண்டையும் கொடுங்கள். தேர்வை நீக்கிவிட்டு, மூவ் கருவியில் ஷிஃப்டைப் பிடித்தபடி இடது அம்புக்குறியை 5 முறை, மேல் அம்புக்குறியை 5 முறை தட்டினால் 50 பிக்சல் உள்ளே நகரும். இது இருக்கும் இடத்திலிருந்து இத்தனை தூரம் என்று பதிவாவதால் எந்த வாட்டிலும் தவறாது. அடர்த்தியைக் குறைத்து, ஃபிளாட்டன் செய்து (எல்லா லேயரையும் ஒன்றாக்கி), பதிவை நிறுத்துங்கள். இடையில் லேயர் பலகத்தில் எந்த லேயரின் பெயரையும் சொடுக்கக் கூடாது. சொடுக்கினால் அந்த லேயரின் பெயரோடு பதிவாகும். அடுத்த படத்தில் அந்தப் பெயரில் லேயர் இருக்காது, ஆக்‌ஷன் பிழை காட்டி நின்றுவிடும். இரவில் ஓட விட்டுவிட்டுப் போனவர் காலையில் வந்து பார்த்தால் முதல் படத்திலேயே நின்றிருக்கும்.

சேமிக்கும் படியை ஆக்‌ஷனுக்குள் சேர்க்க வேண்டாம். சேர்த்தால், பேட்ச் (மொத்தப் படங்களுக்கும் ஓட்டும் கட்டளை) ஓட்டும்போது சேமிப்புக் கட்டளையை மேலெழுதும் குறியைப் போட மறந்தவருக்கு ஆயிரம் படமும் ஒரே பெயரில் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேமிக்கப்பட்டு, கடைசிப் படம் மட்டும் மிஞ்சும். ஸ்கிரிப்ட்ஸ் பட்டியலில் உள்ள இமேஜ் பிராசசர் பாதுகாப்பானது. படங்கள் உள்ள ஃபோல்டர், போய்ச் சேர வேண்டிய ஃபோல்டர், ஜேபெக் தரம் 10, ஓட்ட வேண்டிய ஆக்‌ஷன் ஆகியவற்றைக் கொடுத்தால் அது ஜேபெக் என்ற துணை ஃபோல்டரை உருவாக்கி அதில் போடும். மூலப் படத்தைத் தொடாது. தரத்தை 12 வரை ஏற்ற வேண்டியதில்லை. கோப்பு பெரிதாகுமே தவிர, சமூக ஊடகங்கள் எப்படியும் மறுபடி சுருக்கத்தான் போகின்றன.

ஃபோட்டோஷாப்புக்குச் சந்தா கட்ட முடியாதவர்கள் திருட்டுப் பிரதியைத் தேட வேண்டியதில்லை. சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசமான எக்ஸ்என்கன்வர்ட் இந்த ஒரு வேலையை ஃபோட்டோஷாப்பைவிடச் சுலபமாகச் செய்யும். கட்டணம் வாங்கும் ஸ்டுடியோ என்றால் உரிமம் வாங்கிக்கொள்வதே முறை. முழுக்க இலவசமாக, தொழிலுக்கும் தடையின்றி வேண்டும் என்றால் டிஜிகேம் இருக்கிறது. அதன் பேட்ச் கியூ மேனேஜரில் வாட்டர்மார்க் கருவி உண்டு. லைட்ரூம் கிளாசிக் வைத்திருப்பவர்கள் எடிட் பட்டியலில் வாட்டர்மார்க்கை ஒருமுறை அமைத்துவிட்டு, ஏற்றுமதி செய்யும்போது அதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. எதைப் பயன்படுத்தினாலும் வரிசை முக்கியம்: முதலில், கேமரா கோப்புக்குள் எழுதிவைக்கும் எக்ஸிஃப் குறிப்பின்படி படத்தைத் திருப்புவது, இரண்டாவது அளவைச் சுருக்குவது, கடைசியில் வாட்டர்மார்க். சுருக்குவதற்கு முன் போட்டால் 24 மெகாபிக்சல் படத்தில் சரியாக இருந்த பெயர், சுருங்கிய படத்தில் எறும்பாகிவிடும். திருப்புவதை விட்டுவிட்டால் இன்னொரு தொல்லை. கைபேசியில் நெடுக்காக எடுத்த படம் கோப்புக்குள் பெரும்பாலும் படுக்கையாகவே கிடக்கும். 'இதைத் திருப்பிக் காட்டு' என்ற குறிப்பு மட்டும் கூட இருக்கும். அந்தக் குறிப்பைப் படிக்காத மென்பொருள் லோகோவைக் கிடக்கையிலேயே ஒட்டிவிடும். பிறகு திரையில் பார்க்கும்போது பெயர் பக்கவாட்டில் செங்குத்தாக ஏறி நிற்கும்.

இணையத்தில் 'படத்தை ஏற்றுங்கள், வாட்டர்மார்க் போட்டுத் தருகிறோம்' என்ற தளங்கள் நிறைய உள்ளன. காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, பள்ளி ஆண்டு விழா போன்ற படங்களை அங்கே ஏற்றவே ஏற்றாதீர்கள். வாடிக்கையாளர் வீட்டுப் பிள்ளைகளின் முகங்கள் யாருடைய சர்வரில் எத்தனை நாள் கிடக்கும் என்று நமக்குத் தெரியாது. இந்த வேலைக்கு நம் கணினியே போதும்.

மொத்தமாக ஓட்டுவதற்கு முன் பத்துப் படங்களைத் தனி ஃபோல்டரில் எடுத்துச் சோதிக்க வேண்டும். படுக்கை, நெடுக்கு, கைபேசிப் படம், பட்டப்பகல், இரவு, அகலப் பரப்பு என்று வகைக்கு ஒன்றாவது இருக்கட்டும். எல்லாப் படத்துக்கும் வலது கீழ்மூலை பொருந்தாது. வாடிவாசல் படங்களில் மாடு பிடிப்பவரின் கால் அந்த மூலையில்தான் இருக்கும். அப்படிப்பட்டவற்றைப் பிரித்து இடது மூலைக்கென்று இன்னொரு ஆக்‌ஷனில் ஓட்டுவது கொஞ்சம் வேலைதான். ஆனால் படத்தை மதிப்பவர் அதைச் செய்வார். படுக்கை வாட்டுப் படம் சதுரமாக வெட்டிப் பகிரப்படும் என்று தெரிந்தால் மூலையில் வைக்காமல், கீழ் விளிம்பின் நடுவில் வைத்தால் பெயர் தப்பும்.

கண்ணுக்குத் தெரியும் பெயரோடு, கோப்புக்குள் ஐபிடிசி தகவலாக (படத்தைப் பற்றிய விவரங்களை எழுதிவைக்கும் பொது முறை) மூன்று இடங்களை நிரப்புங்கள்: ஆக்கியவர், நன்றி வரி, காப்புரிமைக் குறிப்பு. அடோபி பிரிட்ஜிலோ லைட்ரூமிலோ ஒரு வார்ப்புருவாகச் செய்துவைத்துக்கொண்டால் மொத்தப் படங்களுக்கும் ஒரே சொடுக்கில் ஏறிவிடும். 2018 முதல் கூகுள் படத் தேடல் இந்தத் தகவலைப் படித்துக் காட்டுகிறது. சேமிக்கும்போது இப்படிப்பட்ட உள்தகவலை (மெட்டாடேட்டாவை) நீக்கும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் நீக்கினால் பெயரும் போகும்; எதையும் நீக்காவிட்டால் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறியும் கூடவே போகும். வீட்டு விசேஷப் படங்களில் அந்த இடக்குறியை மட்டுமாவது எடுத்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்தத் தகவல் அனைத்தும் உதிர்ந்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும். நாளிதழ்களுக்கு அனுப்புபவர்கள் இதை மறக்கக் கூடாது.

சட்டம் பற்றி இரு தரப்பும் தெரிந்துகொள்ள வேண்டியது உண்டு. 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65பி பிரிவின்படி, படைப்போடு இணைந்த உரிமைத் தகவலை அனுமதியின்றி, தெரிந்தே நீக்குவதும் மாற்றுவதும் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கலாம். ஆக்கியவரின் பெயர் அந்தத் தகவலில் அடங்கும். அதே சட்டத்தின் 17ஆம் பிரிவைப் படக்காரர்களும் படிக்க வேண்டும். ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். கல்யாணப் படத்தில் ஸ்டுடியோ தன் லோகோவைப் போட்டு ஊருக்கெல்லாம் பகிர்வதற்கு வாட்டர்மார்க் எந்த உரிமையும் தராது. முன்பணம் வாங்கும்போதே ரசீதில் இரண்டு வரி எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்வதுதான் வழி. தாமாகப் போய் எடுத்த திருவிழாப் படங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவை எடுத்தவருக்கே உரியவை. மற்றவர் எடுத்த படத்தின் மேல் தன் பக்கத்தின் லோகோவை ஒட்டிப் பகிரும் சமூக ஊடகப் பக்கங்கள் செய்வது நேரடியான திருட்டு. அதைத் 'தகவல் பகிர்வு' என்று அழைப்பதை ஏற்க முடியாது.

இனித் தங்களைப் போன்ற இதழ்களிடம் கேட்க வேண்டியது. 'வாட்டர்மார்க் இல்லாத ஒரிஜினலை அனுப்புங்கள்' என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. அச்சுப் பக்கத்தில் லோகோ உறுத்தும். வடிவமைப்பாளருக்குப் படத்தை வெட்டிப் பொருத்தும் சுதந்திரமும் தேவை. ஆனால் அதற்கு 6,000 பிக்சல் மூலக் கோப்பு தேவையில்லை. 15 செ.மீ. அகலத்தில் அச்சாகும் படத்துக்கு, செய்தித்தாள் தாளில் அங்குலத்துக்கு 200 பிக்சல் என்று கணக்கிட்டாலும் 1,181 பிக்சல் போதும். ஆகவே படக்காரர்கள் ஒரே ஓட்டத்தில் இரண்டு தொகுப்பு தயாரிக்கலாம்: இணையத்துக்கு 2,048 பிக்சலில் பெயரோடு ஒன்று, இதழ்களுக்கு 2,000 பிக்சலில் பெயரில்லாமல், ஐபிடிசி தகவல் நிரப்பியது ஒன்று. முழு மூலமும் அவர்களிடமே இருக்கட்டும்.

பெயரில்லாத பிரதியை நம்பிக் கொடுப்பவருக்கு, படத்தின் கீழே அவர் பெயர் அச்சாகும் என்ற உறுதி வேண்டும். பக்க வடிவமைப்பில் பட விளக்கத்தோடு எடுத்தவர் பெயருக்கும் நிரந்தரமாக ஒரு வரி ஒதுக்கிவிட்டால், அவசரத்தில் விட்டுப்போகாது. வாசகர் படங்களைக் கேட்கும் அறிவிப்பில் நான்கு விஷயங்களைச் சேர்க்குமாறு வேண்டுகிறேன்: படத்தின் குறைந்தபட்ச அகலம், வாட்டர்மார்க் இல்லாத பிரதி வேண்டுமா என்பது, பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்பதை அனுப்புபவரே எழுத வேண்டும் என்பது, படம் எதற்கெல்லாம் பயன்படுத்தப்படும் என்பது. இணையப் பதிப்பைக் கவனிக்கும் தொழில்நுட்பப் பிரிவினரிடமும் ஒன்றைச் சொல்லுங்கள். படங்களைச் சிறிதாக்கும் மென்பொருள்களில் கோப்பின் எடையைக் குறைப்பதற்காக எல்லா மெட்டாடேட்டாவையும் நீக்கிவிடும் அமைப்பு இருக்கும். அதில் இடக்குறியை நீக்கட்டும். ஆக்கியவர், நன்றி வரி, காப்புரிமைக் குறிப்பு ஆகிய மூன்றையும் விட்டுவைக்கட்டும். இவற்றால் கூடும் எடை சில நூறு பைட்டுகள்தான்.

இப்படிக்கு,
படத்தொகுப்புத் தொழிலில் உள்ள வாசகர்,
மதுரை.